அந்தப் பானையை நான் செய்யவில்லை



என் மருமகள் போட்ட போட்டோவைப் பார்த்துவிட்டு 'டீச்சர் கலக்குறீங்க', 'இந்த வயசிலயும் புதுசா ஒண்ணு கத்துக்கிட்டீங்களே' என்றெல்லாம் எழுதியிருக்கிறீர்கள். பெங்களூரில் இருக்கும் என் அண்ணன் மகன் 'அத்தை இனிமே பானைக்கடை வைக்கலாம்' என்று கேலியும் செய்திருக்கிறான். அன்புக்கு நன்றி. ஆனால் போட்டோவில் என் கையில் இருக்கிற அந்தப் பானையை நான் செய்யவில்லை. செய்தவர் எனக்குப் பின்னால் பாதி வெட்டுப்பட்டு நிற்கிறாரே, நீல டீசர்ட் போட்டுக்கொண்டு, அந்தத் தம்பி. அவர் முகம் படத்துக்குள் வரவில்லை. பேரும் எங்கேயும் வரவில்லை.

இதோடு நிறுத்திவிடலாம்தான். ஆனால் ஏழெட்டுப் பேர் 'டீச்சர், அது எந்த இடம், நாங்களும் லீவுக்குப் பசங்களைக் கூட்டிட்டுப் போறோம்' என்று கேட்டிருக்கிறீர்கள். அதனால்தான் நீளமாக எழுத வேண்டியதாகிவிட்டது. புதுச்சேரிப் பக்கம் என்பதற்கு மேல் நான் சொல்லப்போவதில்லை. ஒரு கடையைத் திட்டி எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. இதே மாதிரி எத்தனை இடங்களில் நடக்கிறது என்று ரீல்ஸில் நீங்களே பார்த்திருப்பீர்கள்.

என் வழக்கு ஒன்றே ஒன்றுதான். வாசலில் 'ஒரு மணி நேரத்தில் பானை செய்யக் கற்றுக்கொள்ளுங்கள்' என்று பலகை வைத்திருக்கிறார்கள். அது பொய். அங்கே யாரும் கற்றுக்கொடுக்கவில்லை, வந்தவர்கள் யாரும் பானை செய்யவும் இல்லை. 'சக்கரத்தில் கை வைத்துப் பாருங்கள், போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்' என்று எழுதியிருந்தால் நான் வாயே திறந்திருக்கமாட்டேன். கடற்கரையில் பிள்ளையைக் குதிரைமேல் ஏற்றி, லகானைத் தான் பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் நடத்திக் கூட்டிப்போகிறார்களே, அவர்கள் 'குதிரையேற்றம் கற்றுத்தருகிறேன்' என்று சொல்வதில்லை. 'ஒரு ரவுண்டு அம்பது ரூபா' என்கிறார்கள். அது நாணயமான வியாபாரம்.

என்ன நடந்தது என்று சொல்கிறேன். ஆளுக்கு 900 ரூபாய். மகன் முன்னாலேயே கட்டிவிட்டான். எங்கள் பேட்ச்சில் 6 பேர், 3 மின்சக்கரங்கள். ஏப்ரன் கட்டிவிட்டார்கள். பிசைந்து உருட்டித் தயாராக வைத்திருந்த மண் உருண்டையை அந்தத் தம்பி சக்கரத்தின் நடுவில் அடித்து வைத்தார். தண்ணீர் தொட்டு, இரண்டு உள்ளங்கையாலும் அழுத்தி, பத்து விநாடியில் அதை அசையாமல் சுற்றவைத்தார். பிறகு 'கை வைங்கம்மா' என்றார். நான் வைத்தேன். என் கைமேல் அவர் கை. என் கட்டைவிரலைப் பிடித்து நடுவில் இறக்கினார். குழி விழுந்தது. சுவரை எழுப்பினார். என் விரல் உள்ளே இருந்தது, அவ்வளவுதான். ஒரு இடத்தில் நானாக லேசாக அழுத்தினேன், உடனே வாய் கோணியது. கண்ணிமைக்கும் நேரத்தில் அதைச் சரி செய்துவிட்டு 'சூப்பர்மா, செமையா வருது' என்றார். நூலால் அடியை அறுத்து எடுத்தார். போட்டோ. அடுத்த ஆள்.

மொத்தம் எனக்குக் கிடைத்தது பன்னிரண்டு நிமிடம். 'தம்பி, இன்னொரு உருண்டை கொடு, நீ கை வைக்காதே, விழுந்தா விழட்டும்' என்று கேட்டேன். 'டைம் இல்லைம்மா, அடுத்த பேட்ச் வந்துருச்சு' என்றார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. அவருக்குக் கொடுத்த நேரம் அவ்வளவுதான்.

இப்போது பாடத்துக்கு வருகிறேன், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். சக்கரத்தில் பானை வனைவதில் மிகக் கஷ்டமான வேலை எது? வாய் வைப்பதா, கழுத்து வைப்பதா? இல்லை. முதல் பத்து விநாடி. மண்ணை நடுவுக்குக் கொண்டுவருவது. உருண்டையைச் சக்கரத்தில் வைத்ததும் அது ஒரு பக்கம் தள்ளித்தான் சுற்றும், எவ்வளவு கவனமாக வைத்தாலும். அந்த ஆட்டத்தை அடக்க வேண்டும். கையை ஆட்டி அடக்க முடியாது. முழங்கையைத் தொடையிலோ விலாவிலோ ஊன்றிக்கொண்டு, கையை அசைக்காமல் வைத்திருந்தால், சுற்றுகிற மண்தான் கைக்கு ஏற்றபடி வழிக்கு வர வேண்டும். மண் கையைத் தள்ளும், நாம் அறியாமலே கை கூடவே போய்விடும். கூம்பு மாதிரி மேலே ஏற்றி, மறுபடி கீழே அமுக்கி, மறுபடி ஏற்றி… புதிதாக வருகிறவருக்கு இது பிடிபடப் பல நாள் ஆகும். சிலருக்குப் பல வாரம். நடுவுக்கு வராத மண்ணில் கட்டைவிரலை இறக்கினால் ஒரு பக்கச் சுவர் தடிப்பாகவும் ஒரு பக்கம் மெல்லியதாகவும் வரும், இரண்டு சுற்றில் மடிந்து விழுந்துவிடும். விழுந்ததைக் கம்பியால் குறுக்கே வெட்டிப் பார்த்தால் தப்பு எங்கே என்று கண்ணுக்குத் தெரியும். அந்த வெட்டுமுகம்தான் முதல் பாடப்புத்தகம். அதை யாரும் எங்களுக்குக் காட்டவில்லை. காட்ட வழியே இல்லை, எதுவும் விழவே விடவில்லையே!

அந்தத் தம்பியிடம் போகிறபோக்கில் கேட்டேன். 'உனக்கு இது வர எவ்வளவு நாளாச்சுப்பா?' சிரித்தார். 'சின்ன அகல் ஒழுங்கா வரவே ஆறு மாசம் ஆச்சும்மா. பானை… எங்கப்பா இன்னும் ஒத்துக்கல.' ஆறு மாதம் அகலுக்கே! அந்த ஒரு பதிலை வாசல் பலகையில் எழுதிவைத்தால் போதும்.

நான் ஆசிரியர் பயிற்சி முடித்து முப்பத்துச் சொச்சம் வருடம் ஒன்றாம் வகுப்பும் இரண்டாம் வகுப்பும் எடுத்தவள். 'அ' எழுதப் பிள்ளையின் கையைப் பிடித்து எழுதவைத்திருக்கிறேன். கையைப் பிடிப்பது தப்பில்லை. மணலில், தவிட்டில், சிலேட்டில் மூன்று நாள் பிடிக்கலாம். நாலாம் நாள் விட வேண்டும். விட்டதும் 'அ' கோணலாக வரும், சில பிள்ளைக்குக் கொக்கி மட்டும் வரும், சில பிள்ளை அழும். அங்கேதான் டீச்சருக்கு வேலையே ஆரம்பம். எங்கள் காலத்தில் சில வாத்தியார்கள் இருந்தார்கள். ஆய்வாளர் வருகிறார் என்று தெரிந்தால் முதல் நாள் சாயங்காலம் பிள்ளைகளின் நோட்டில் தாங்களே எழுதிவைத்துவிடுவார்கள். நோட்டைப் பார்த்தால் முத்து முத்தாக இருக்கும். பிள்ளையை எழுந்து எழுதச் சொன்னால் திருதிருவென்று முழிக்கும். புதுச்சேரியில் நான் பார்த்தது அதே நோட்டுத்தான், மண்ணில் எழுதியது.

2007 வாக்கில் செயல்வழிக் கற்றல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது உங்களில் சின்னவர்களுக்கு ஞாபகம் இருக்கும். அட்டைகள், ஏணிப்படி, குழுவில் பாய் விரித்து உட்காருவது. சுவரில் உங்கள் உயரத்துக்கு ஆளுக்கொரு கரும்பலகை வரைந்து கொடுத்தோமே! அதில் எனக்கும் சில மாற்றுக் கருத்துகள் உண்டு, அது இன்னொரு நாள். ஆனால் ஒரு விஷயம் அதில் சரி. பிள்ளையின் கை செய்ய வேண்டியதை டீச்சரின் கை செய்யக் கூடாது.

'டீச்சர், லீவுக்குப் போன இடத்துல ஜாலியா இருந்துட்டு வர வேண்டியதுதானே, அங்கயும் போய்ப் பரீட்சையா' என்று ஒருத்தி எழுதியிருக்கிறாள். யார் என்று பேர் சொல்லமாட்டேன், நாலாம் வகுப்பிலும் இப்படித்தான் பேசுவாள். கண்ணு, ஜாலியைத்தான் நான் கேட்கிறேன். என் பேத்திக்கு ஒன்பது வயது. அவளுக்கும் பானை 'வந்தது'. வெளியே வந்ததும் 'பாட்டி, அந்த அண்ணாதானே செஞ்சாங்க?' என்று கேட்டாள். ஒன்பது வயதுக்குத் தெரிகிறது. சுற்றி இருந்த பெரியவர்கள் நாங்கள் எல்லோரும் 'இல்லடா, நீதான் செஞ்ச, சூப்பர்' என்று சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். நான் சொல்லவில்லை. 'ஆமா, அவர்தான் செஞ்சார்' என்றேன். அதற்காக மருமகளுக்கு என்மேல் கொஞ்சம் வருத்தம்.

'ஒரு மணி நேரத்துல வேற என்னதான் செய்ய முடியும்?' என்று கேட்பீர்கள். நிறைய முடியும், சக்கரத்தை விட்டுவிட்டால். ஆரஞ்சுப்பழம் அளவு மண்ணை உள்ளங்கையில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டைவிரலை நடுவில் இறக்குங்கள், அடி ஒரு விரல் தடிப்பு மிஞ்சுகிற மாதிரி. பிறகு மண்ணைத் திருப்பித் திருப்பி, கட்டைவிரலுக்கும் மற்ற விரல்களுக்கும் நடுவில் சுவரைக் கிள்ளிக்கொண்டே வாருங்கள். விளிம்பு வெடித்தால் ஈர விரலால் தடவிக்கொள்ளுங்கள். அரை மணி நேரத்தில் ஒரு கிண்ணம் வரும். கோணலாகத்தான் வரும், ஆனால் உங்கள் கிண்ணம். சுவர் எங்கே தடிப்பு, எங்கே மெலிவு என்று கண்ணை மூடிக்கொண்டு விரல் சொல்லும். மண்ணைப் புழு மாதிரி உருட்டி வளையம் வளையமாக அடுக்கி, உள்ளும் புறமும் வழித்து ஒட்டினால் இன்னும் பெரியது வரும். அய்யனார் கோயில் புரவிகளின் உடம்பெல்லாம் மண்ணைக் கையால் வைத்து வைத்து உயர்த்துவதுதானே! ஆறு வயதுப் பிள்ளையும் செய்யலாம், அறுபத்தைந்து வயதுப் பாட்டியும் செய்யலாம். ஏன் இதைச் சொல்லிக்கொடுப்பதில்லை? சுற்றவில்லை, அதனால்தான். எதுவும் சுற்றாவிட்டால் ரீல்ஸ் நன்றாக வராது.

இன்னொன்றும் எனக்கு ஆறவில்லை. சுடுவது. 'சுட்டு கூரியர்ல அனுப்பணும்னா 350 எக்ஸ்ட்ரா, மூணு வாரம் ஆகும்' என்றார்கள். பாதிப் பேர் பச்சைப் பானையைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். ஒரு அம்மா தன் பையனிடம் 'வீட்டுக்குப் போய் இதுல மணி பிளாண்ட் வைக்கலாம்' என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான்தான் 'அம்மா, இதில் தண்ணி ஊத்தினா கரைஞ்சிரும்' என்று சொன்னேன். அவருக்கு ஆச்சரியம். காய்ந்தால் கெட்டியாகிவிடும் என்று நினைத்திருக்கிறார். காய்ந்த மண் மண்தான். சூளையில் சுமார் 600 டிகிரியைத் தாண்டினால்தான் மண்ணுக்குள் பிணைந்திருக்கும் நீரும் வெளியேறி, அது மறுபடி கரையாத வேறு பொருளாக மாறுகிறது. நம் ஊர்ச் சூளைகள் அதற்கும் மேலே, 700-லிருந்து 900 வரை போகும். அதற்கு முன் நிழலில் மெதுவாகக் காய வேண்டும், ஈரம் மிச்சமிருந்தால் அது ஆவியாகி உள்ளேயே வெடிக்கும். காயும்போதும் சுடும்போதும் பானை ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு சுருங்கும். இவ்வளவும் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடலாம். ஒரு ஓட்டையும் ஒரு பச்சைக் களிமண் துண்டையும் இரண்டு தம்ளர் தண்ணீரில் போட்டு வைத்தால் பிள்ளைகள் கண்ணெதிரே பார்த்துவிடுவார்கள். 900 ரூபாயில் அந்த இரண்டு தம்ளர் இல்லை.

புதுச்சேரியில் இந்தத் தொழிலை ஒழுங்காகக் கற்பித்தவர்கள் இல்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். 1971-இல் ரே மீக்கர், டெபோரா ஸ்மித் என்ற இருவர் அங்கே கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கினார்கள். அங்கே கற்றுக்கொண்டு வெளியே வந்தவர்கள் நாடு முழுக்க நல்ல கலைஞர்களாக இருக்கிறார்கள். அந்த ரே மீக்கர் மண்ணால் வீட்டைக் கட்டி அந்த வீட்டையே சூளையாக்கிச் சுட்டுப் பார்த்தவர்! அவர்களிடம் படித்த யாரும் ஒரு மணி நேரக் கணக்குச் சொல்லமாட்டார்கள். அந்த ஊரின் அந்தப் பேரைத்தான் இப்போது தெருவுக்குத் தெரு செலவழிக்கிறார்கள்.

'பாவம் டீச்சர், இதனாலதானே அந்தத் தம்பிக்கு நாலு காசு' என்று எழுதியவருக்கு. நான் கணக்கு டீச்சரும்தான். 6 பேர், தலைக்கு 900, ஒரு மணி நேரத்தில் 5400 ரூபாய். அன்றைக்கு ஐந்து பேட்ச் என்றார்கள். தம்பிக்கு நாள் கூலி 700. விழுப்புரம் பக்கம் குயவர் குடும்பம். அவருக்குப் பெரிய பானையின் அடியைத் தட்டி மூடத் தெரியும். உங்களில் பலருக்கு அது தெரியாமல் இருக்கலாம், சொல்கிறேன். நம் ஊர்ச் சோற்றுப்பானை சக்கரத்திலிருந்து இறங்கும்போது அதற்கு அடியே இருக்காது, திறந்திருக்கும். கொஞ்சம் இறுகியதும் உள்ளே கல்லைக் கொடுத்து, வெளியே மரப்பலகையால் தட்டித் தட்டி அடியை வளர்த்து மூடுவார்கள். அதனால்தான் அடி உருண்டையாக, மெல்லியதாக, அடுப்புச் சூட்டைத் தாங்குகிறதாக இருக்கிறது. எங்கள் ஊர் வேளார் தெருவில் சாயங்காலம் போனால் பெண்கள் உட்கார்ந்து தட்டுகிற சத்தம் தெருமுனை வரை கேட்கும். அந்த வித்தை தெரிந்த பிள்ளையை வைத்துக்கொண்டு, வருகிறவர் கையைப் பிடித்துக் கப்பு செய்யவைக்கிறார்கள். அவரிடம் அதைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. அவர் தட்டுவதைப் பத்து நிமிடம் பார்க்கவே நான் 900 கொடுப்பேன்.

வேளார் தெரு என்றதும் இன்னொன்று. என் வகுப்பில் அந்தத் தெருப் பிள்ளைகள் வருடத்துக்கு நாலைந்து பேராவது இருப்பார்கள். சூளை போடுகிற அன்று வரமாட்டார்கள், கார்த்திகைக்கு முன்னால் பத்து நாள் வரமாட்டார்கள். அகல் வேலை. நகக்கண்ணில் மண்ணோடு வந்த ஒரு பையனை ஒரு வாத்தியார் (அவர் இப்போது இல்லை) 'மண்ணு பிசையற கைக்கு எதுக்குடா பேனா' என்று வெளியே நிறுத்தினார். நான் அவரோடு சண்டை போட்டு ஒரு வாரம் ஸ்டாஃப் ரூமில் பேச்சே இல்லை. அதே மண்ணை இப்போது நகத்தில் அப்பிக்கொண்டு போட்டோ போட்டால் 'அனுபவம்' என்கிறோம், 'ஸ்ட்ரெஸ் போகுது' என்கிறோம். மண் மாறவில்லை. யார் கையில் ஒட்டியிருக்கிறது என்பதுதான் மாறியிருக்கிறது.

உடனே சிலர் 'அப்ப குலக்கல்வி சரிங்கிறீங்களா டீச்சர்' என்று ஆரம்பிப்பீர்கள். இல்லை. 1953-இல் ராஜாஜி கொண்டுவந்த அந்த அரைநாள் திட்டத்தைத் தமிழ்நாடு எதிர்த்தது சரி, 1954-இல் காமராஜர் வந்து கைவிட்டது அதைவிடச் சரி. குயவர் பிள்ளை குயவராகவே இருக்கட்டும் என்பது கல்வி இல்லை. ஆனால் 1937-இல் வார்தாவில் காந்தி ஆதாரக் கல்வி என்று சொன்னது வேறு. எல்லார் வீட்டுப் பிள்ளையும் கையால் ஒரு தொழிலைச் செய்து அதன் வழியாகப் படிக்கட்டும் என்றார். நாம் குலக்கல்வியை விரட்டியபோது அதோடு சேர்த்துக் கைவேலையையும் விரட்டிவிட்டோம். டைம்டேபிளில் கைத்தொழில் பீரியட் இருக்கும், கணக்கு சார் வந்து எடுத்துக்கொள்வார். அந்த வெற்றிடத்தில்தான் இந்த 900 ரூபாய்க் கடைகள் முளைக்கின்றன. பள்ளியில் மண்ணைத் தொடாத பிள்ளை, சுற்றுலாவில் பணம் கட்டித் தொடுகிறது. பணம் இல்லாத பிள்ளை தொடவே இல்லை.

அந்தப் பணத்தில் மண் வெட்டிய ஆளுக்குப் போவது எவ்வளவு என்றும் யோசியுங்கள். மானாமதுரை மண்பாண்டத்துக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, எல்லோரும் ஸ்டேட்டஸ் வைத்தீர்கள். அந்த ஊர்க் கடம் எந்தக் கச்சேரி மேடையிலும் தனியாகத் தெரியும். சரி, அதில் எத்தனை பேர் வீட்டில் ஒரு மண்சட்டி இருக்கிறது? கண்மாயில் களிமண் எடுக்க அனுமதி கேட்டு இவர்கள் எத்தனை வருடம் அலைந்தார்கள்! 2024-இல்தான் வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி வாங்கிக் கட்டணமில்லாமல் எடுத்துக்கொள்ளலாம் என்று எளிதாக்கினார்கள். மழைக்காலத்தில் காயவும் வைக்க முடியாது, சூளையும் போட முடியாது. அதற்கு நிவாரணம் 5000 ரூபாய். பொங்கல் பரிசுத் தொகுப்பில் ஒரு பானையும் ஒரு அடுப்பும் சேர்த்துக் கொடுங்கள் என்று அவர்கள் வருடா வருடம் கேட்கிறார்கள். அகல் பத்து ரூபாய்க்கு நாலு கொடு என்று தெருவில் பேரம் பேசுகிற நாம்தான், கோணல் கப்பு ஒன்றுக்குச் சத்தமில்லாமல் 900 கட்டுகிறோம்.

அதனால் பிள்ளைகளே, போகாதீர்கள் என்று சொல்லவில்லை. பணம் கட்டுவதற்கு முன்னால் கேளுங்கள். மண்ணை நடுவுக்குக் கொண்டுவருவது நானா, நீங்களா? விழுந்தால் இன்னொரு உருண்டை உண்டா? கையால் கிள்ளிச் செய்யச் சொல்லித்தருவீர்களா? யார் சுடுவது, எங்கே, நாங்கள் பார்க்கலாமா? சொல்லித்தருகிறவர் யார், அவர் பேரைப் படத்தோடு போடலாமா? பதில் சொல்லத் திணறினால் கடற்கரைக்குப் போய்க் குதிரையில் ஒரு ரவுண்டு போய்விட்டு வாருங்கள், அது மலிவு.

நம் ஊர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு வேலை. மே மாதம் பேரன் பேத்திகள் எட்டுப் பேர் என் வீட்டில் இருப்பார்கள். மானாமதுரையிலோ பக்கத்துக் கிராமங்களிலோ, மூன்று நாள் காலை வேளையில் பிள்ளைகளை உட்காரவைத்து மண் மிதிக்கவும், கிள்ளவும், தட்டவும் விட்டு, கடைசியில் தங்கள் சூளையிலேயே அவற்றையும் வைத்துச் சுட்டுத்தரச் சம்மதிக்கிற வேளார் குடும்பம் தெரிந்தால் எனக்கு எழுதுங்கள். தொகையை அவர்களே சொல்லட்டும், பேரம் பேசமாட்டேன். சூளை போடுகிற நாளை முன்கூட்டியே கேட்டுச் சொன்னால் அதற்குத் தகுந்தபடி பிள்ளைகளை வரச் சொல்லுகிறேன். உங்கள் பிள்ளைகளையும் அனுப்பலாம், பழைய துணியோடு. போன் வேண்டாம்.